விசைப்படகு எஞ்சினில் ஹெட் கேஸ்கட் மாற்றமும் மறுமுறுக்கும்

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் நிற்கும் எங்கள் விசைப்படகின் டீசல் எஞ்சினில், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) தொட்டியில் குமிழி வருவதும் தண்ணீர் குறைவதும் ஒருசேரத் தெரிந்ததால், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டைக் கழற்றினேன். ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் கேஸ்கட், நீர்வழித் துளைகளைச் சுற்றி அரித்திருந்தது. இரு சிலிண்டர்களுக்கு இடையே கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. புதிய கேஸ்கட் கொச்சியிலிருந்து வந்தது.

பழைய பிசிறைச் சுரண்டியபின், நேர்ச்சட்டமும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வைத்து ஹெட்டின் சமதளத்தை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் பார்த்தேன். அடி மூடிய போல்ட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடக்கூடும் என்பதால், அவற்றைக் காற்றடித்து உலர்த்தினேன். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இதுதான். பிறகு மரையில் லேசாக எண்ணெய் தடவி, நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையேட்டில் உள்ள முறுக்கு அளவை மூன்று கட்டமாகப் பிரித்து, முறுக்குவிசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கினேன்.

எஞ்சினை முழுச் சூடு வரும்வரை ஓடவிட்டு, நன்றாக ஆறியபின், அதே வரிசையில் ஒவ்வொரு போல்ட்டாகச் சற்றுத் தளர்த்தி மீண்டும் அதே அளவுக்கு முறுக்கினேன்; தளர்த்தாமல் முறுக்கினால், இறுகிப்போன மரையின் உராய்வைத்தான் ரெஞ்ச் காட்டும். கோணக் கணக்கில் முறுக்கி நீளவிடும் வகைப் போல்ட்டுகளுக்கு இந்த வேலை ஆகாது. மறுமுறுக்கில் ஹெட் சற்றே தாழ்ந்து டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) குறைவதால், அதையும் கையோடு சரிசெய்தேன்.