ராஸ்பெர்ரி பையில் கேம் பட்டன், ஜாய்ஸ்டிக் ஒயரிங்: காம், என்ஓ, என்சி குழப்பம் இல்லாமல்

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் பழைய கேம்களை ஓட்டக் கற்றுத்தரும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. மெமரி கார்டில் சிஸ்டம் ஏற்றுவதை நிதானமாகக் காட்டுவார்கள். பட்டன்களுக்கு வந்ததும் "ஒயரை எல்லாம் மாட்டிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். புதிதாகச் செய்பவர்கள் நின்றுபோவது அந்த இடத்தில்தான். அதனால் இந்தப் பதிவு முழுக்க ஒயரிங் பற்றியது. உங்கள் பை டிவியில் படம் காட்டுகிற நிலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். பை 4 வைத்திருந்தால், பழைய கேம்களை ஓட்டும் சிஸ்டமான ரெட்ரோபை போதும். ரெட்ரோபையின் 4.8 பதிப்பு 2022-இல் வந்தது. பை 5 வந்தது அதற்குப் பிறகு, 2023-இல்; 4.8 அதற்காகச் செய்தது அல்ல. அதனால் பை 5 வாங்கியவர்கள் அதே மாதிரி சிஸ்டங்களான பாட்டோசெரா அல்லது ரீகால்பாக்ஸ் பக்கம் போய்விடுங்கள்.

முதலில் போர்டு

பட்டன்களைப் பையோடு இணைக்க இரண்டு வழிகள். ஒன்று, பையின் 40 கால்களில் (பின்களில்) நேரடியாக ஒயர் மாட்டுவது. இன்னொன்று, ஜீரோ டிலே என்கோடர் என்று ஆன்லைனில் கிடைக்கும் சின்ன யூஎஸ்பி போர்டில் பட்டன்களை மாட்டி, அந்தப் போர்டைப் பையில் செருகுவது. முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது யூஎஸ்பி போர்டுதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பையின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை. பக்கத்திலேயே 2, 4 ஆகிய கால்களில் 5 வோல்ட் இருக்கிறது. ஒரு ஒயர் இடம் மாறி 5 வோல்ட் உள்ளே போனால் பையே போய்விடும். யூஎஸ்பி போர்டில் என்ன தவறு நடந்தாலும் பெரும்பாலும் சில நூறு ரூபாய் போர்டோடு முடியும். பை அதை ஒரு சாதாரண கேம்பேடாகவே பார்க்கும், டிரைவர் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை.

நேரடி வழியில்தான் போவேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கால்களுக்கு இரண்டு வகை எண்கள் உண்டு: போர்டில் இருக்கும் வரிசை எண் ஒன்று, சிப் தரும் ஜிபிஐஓ எண் இன்னொன்று. போர்டில் 11-ஆவதாக இருக்கும் காலின் பெயர் ஜிபிஐஓ 17. படத்தில் 17 என்று போட்டிருந்தால் அது எந்த 17 என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள், ஏனென்றால் 17-ஆவது கால் 3.3 வோல்ட் சப்ளை. கிரவுண்டுக்கு (பட்டனின் இன்னொரு ஒயர் போகும் பொது முனைக்கு) 6, 9, 14, 20, 25, 30, 34, 39 ஆகிய கால்கள் இருக்கின்றன. பை 5-இல் இந்தக் கால்கள் ஆர்பி1 என்ற தனிச் சிப் வழியாகப் போகின்றன, அதனால் பழைய பதிவுகளில் சொல்லும் டிரைவர்கள் பல அதில் ஓடாது.

பொருட்கள்

என்கோடர், ஜாய்ஸ்டிக், பட்டன்கள் மூன்றும் ஆன்லைனில் ஒரே செட்டாகக் கிடைக்கும். லக் (ஒயர் முனையில் அழுத்தி மாட்டும் தகரக் கவ்வி), ஸ்லீவ் (அதன் மேல் போடும் உறை), ஒயர் இவற்றை ஆன்லைனில் வாங்காதீர்கள். கோவை, ஈரோடு, பொள்ளாச்சி, பல்லடம், எந்த ஊராக இருந்தாலும் மோட்டார் காயில் கட்டும் கடையோ ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையோ பக்கத்தில் இருக்கும். பட்டனையே கையில் எடுத்துப் போய், அதன் தகர நாக்கில் லக்கை மாட்டிப் பார்த்து வாங்குங்கள். சான்வா (ஜப்பானிய பட்டன் கம்பெனி) வகைப் பட்டன்களில் நாக்கு 2.8 மிமீ அகலம். மைக்ரோசுவிட்ச் ('டக்' என்று அழுந்தும் சின்ன சுவிட்ச்) வைத்த பெரிய பட்டன்களில் பெரும்பாலும் 4.8 மிமீ. வண்டி ரிலேக்குப் போடும் 6.3 மிமீ லக்கை நசுக்கி இதில் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விளையாடும் வேகத்தில் அது கழன்று கழன்று மாட்டும், கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒயர் பலபுரி ஒயராக இருக்கட்டும், 0.5 ஸ்கொயர் எம்எம் தாராளம். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், அதிர்வில் உடையும். சுவிட்ச்சின் நாக்கில் சாலிடர் வைப்பதும் எனக்குப் பிடிக்காது. சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும், பிறகு சுவிட்ச் மாற்றுவதும் சிரமம். லக் வைத்து, ராட்செட் கிரிம்பிங் பிளையரால் அழுத்துங்கள். கட்டிங் பிளையரால் நசுக்கியது நிற்காது. கூடவே பீப் அடிக்கும் மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பெட்டியை ஆசாரியிடம் செய்யச் சொல்லும்போது பட்டனைக் காட்டிவிடுங்கள். விளையாட்டுப் பட்டன்களுக்கு 30 மிமீ ஓட்டை, ஸ்டார்ட், செலக்ட் பட்டன்களுக்கு 24 மிமீ. அழுத்தி மாட்டும் வகைப் பட்டன் 2 முதல் 4 மிமீ தகட்டில்தான் பிடிக்கும். 9 மிமீ பிளைவுட் என்றால் மரை உள்ள வகை வாங்க வேண்டும்.

காம், என்ஓ, என்சி

இதுதான் இந்தப் பதிவின் முக்கியமான இடம், மெதுவாகப் படியுங்கள்.

இரண்டே நாக்கு உள்ள பட்டனில் பிரச்சினை இல்லை, எந்த ஒயரை எதில் மாட்டினாலும் சரி. மைக்ரோசுவிட்ச்சில் மூன்று நாக்குகள் இருக்கும்: காம் (காமன், பொது நாக்கு), என்ஓ (நார்மலி ஓப்பன்), என்சி (நார்மலி குளோஸ்டு). என்கோடரிலிருந்து ஒரு பட்டனுக்கு வருவதோ இரண்டே ஒயர். எந்த இரண்டில் மாட்டுவது?

நம் ஊரில் இதற்குப் பாடம் தோட்டத்திலேயே இருக்கிறது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டன் என்ஓ. சும்மா இருக்கும்போது விட்டிருக்கும், அழுத்தினால் சேரும். சிவப்புப் பட்டன் என்சி. சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும், அழுத்தினால் விடும், அதனால்தான் மோட்டார் நிற்கிறது. கேமில் நமக்கு வேண்டியது எல்லாமே பச்சைப் பட்டன். காயில் கடை அண்ணன் ஒருவரிடம் இந்த சுவிட்ச்சைக் காட்டியபோது, "ஏனுங்க தம்பி, ஸ்டார்ட் பட்டன் மாதிரியேதானுங்க இது. ஸ்டாப்புல மாட்டிப் போடாதீங்க, அவ்வளவுதான்" என்றார். அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆக, ஒரு ஒயர் காம், இன்னொன்று என்ஓ. என்சி காலியாக இருக்கட்டும்.

சுவிட்ச் மேல் எழுத்து இருந்தாலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். மீட்டரைப் பீப்பில் வைத்து, நாக்குகளை இரண்டிரண்டாகத் தொடுங்கள். அழுத்தாமலே பீப் வரும் ஜோடி காமும் என்சியும். அழுத்தும்போது மட்டும் பீப் வரும் ஜோடி காமும் என்ஓவும். இரண்டு ஜோடியிலும் இருக்கும் நாக்கு காம். பார்த்ததும் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துவிடுங்கள்.

மாற்றி மாட்டியிருந்தால் திரையில் இரண்டு விதமாகத் தெரியும். காம், என்சி என்று மாட்டினால் பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருப்பதாக பை நினைக்கும். மெனு தானாக ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் அழுத்தினால்தான் நிற்கும். என்ஓ, என்சி என்று மாட்டினால் எந்தக் காலத்திலும் எதுவும் நடக்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் போர்டு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்ப வேண்டி வராது.

ஜாய்ஸ்டிக்கின் நான்கு திசை

ஜாய்ஸ்டிக்கின் அடியில் நான்கு மைக்ரோசுவிட்ச்சுகள். குச்சி நடுவில் ஊன்றியிருப்பதால், கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் அடிமுனை வலப்பக்கம் போய் வலது சுவிட்ச்சை அழுத்தும். இது போதாதென்று, ஒயர் மாட்டப் பெட்டியைக் கவிழ்த்ததும் பக்கங்கள் மறுபடி மாறும். மனக்கணக்கு போடாதீர்கள். பெட்டியை நேராகப் பிடித்து, ஒருவர் குச்சியை இடப்பக்கம் தள்ளட்டும். எந்த சுவிட்ச் 'டக்' என்கிறதோ அதில் "இடது" என்று டேப் ஒட்டுங்கள். நான்கையும் இப்படி ஒட்டிவிட்டு அப்புறம் கவிழ்த்து மாட்டுங்கள்.

ஐந்து ஒயர் ஒரே சாக்கெட்டாக வரும் ஜாய்ஸ்டிக்கில் லக் வேலை இல்லை. மேலே தள்ளினால் பக்கவாட்டில் போகிறது என்றால் ஒயரைத் தொட வேண்டாம், ஜாய்ஸ்டிக்கையே 90 டிகிரி திருப்பி மாட்டுங்கள்.

என்கோடரில் ஆட்டோ, டர்போ, மோட் என்றும் சாக்கெட்டுகள் இருக்கும். அவற்றில் எதையும் மாட்டாதீர்கள்.

பையில் செருகுவதற்கு முன்

முதலில் விண்டோஸ் கணினியில் செருகி, கேம் கண்ட்ரோலர் அமைப்பைத் திறந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். எண்கள் வரிசையாக எரியும். இங்கேயே ஒயரிங் சரியா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் பை. முதல்முறை செருகியதும் ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லும், பிறகு ஒவ்வொரு பெயராகக் கேட்கும். ஏ என்பது வலது பட்டன், பி என்பது கீழ்ப் பட்டன். உங்களிடம் இல்லாத பட்டனின் பெயர் வந்தால் எந்தப் பட்டனையாவது அழுத்திப் பிடித்தால் தாண்டிப் போகும். கடைசியில் ஹாட்கீ (இன்னொரு பட்டனோடு சேர்த்து அழுத்தும் பட்டன்) கேட்கும்போது செலக்ட்டைக் கொடுங்கள். செலக்ட்டையும் ஸ்டார்ட்டையும் சேர்த்து அழுத்தினால் கேமிலிருந்து வெளியே வரலாம். இதைக் கொடுக்காமல் விட்டால் பிள்ளைகள் வெளியே வரத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்குவார்கள், மெமரி கார்டு கெடும்.

பிறகு சேர்த்தது

படித்துவிட்டுச் செய்தவர்கள் கேட்ட சில விஷயங்கள்.

இரண்டு பேர் விளையாட ஒரே மாதிரி இரண்டு என்கோடர் வாங்கியவர்களுக்கு, சில நேரம் முதல் ஆளும் இரண்டாம் ஆளும் மாறிவிடுகிறார்கள். இரண்டு போர்டும் பையிடம் ஒரே அடையாளத்தைத்தான் சொல்கின்றன. அதனால் பையின் எந்த யூஎஸ்பி துளையில் எந்த என்கோடர் என்று முடிவு செய்து, அந்த யூஎஸ்பி ஒயர்களை அங்கேயே விட்டுவிடுங்கள், கழற்றி மாற்றாதீர்கள்.

விளக்கு எரியும் பட்டன் மங்கலாக எரிகிறது என்றால், உள்ளே இருப்பது 12 வோல்ட் எல்இடியாக இருக்கும். என்கோடர் தருவது 5 வோல்ட். வாங்கும்போதே 5 வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள்.

திரையின் மூலையில் மின்னல் குறி வருவதற்கும் பட்டன் ஒயரிங்குக்கும் சம்பந்தமில்லை. பைக்குப் போகும் மின்சாரம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். போன் சார்ஜரை விட்டுவிட்டு, பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்ப் அடாப்டர் போட்டால் போய்விடும்.