டெல்டா மண்ணில் டே லில்லி: எந்த வகை நிலைக்கும், எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது

டே லில்லி வாங்கப் போனால் எல்லோரும் முதலில் பூவின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இலையைப் பற்றி. குளிர்காலத்தில் இந்த வகையின் இலை காய்ந்து மறையுமா, பச்சையாகவே நிற்குமா?

இலையைக் குளிரில் முழுக்க இழந்து மண்ணுக்குள் அடங்குவது உறங்கும் வகை. ஆண்டு முழுக்க இலையோடு நிற்பது என்றும் பசுமை வகை. இரண்டுக்கும் நடுவில் அரைப்பசுமை வகை. உறங்கும் வகைகளில் பலவற்றுக்கு நீண்ட குளிர் கிடைத்தால்தான் அடுத்த பருவத்தில் தெம்பு வரும். நம் ஊர் மார்கழிப் பனி அவற்றுக்குக் குளிரே இல்லை. கிழங்கில் சேர்த்து வைத்ததைக் கொண்டு முதல் ஆண்டு பூத்துவிடும். அடுத்தடுத்த ஆண்டுகளில் தூர் சிறுத்துக்கொண்டே போகும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுவார்கள், ஆனால் குறை உரத்தில் இல்லை.

பெயர் பெற்ற மூன்று வகைகளை வைத்துப் பாருங்கள். 1924-ல் பதிவான ஹைபீரியன் வாசனையுள்ள எலுமிச்சை மஞ்சள், உறங்கும் வகை. 1975-ல் பதிவான ஸ்டெல்லா டி ஓரோ 11 அங்குல உயரக் குட்டைச் செடி, அதுவும் உறங்கும் வகை. 1977-ல் பதிவான ஜோன் சீனியர் ஏறக்குறைய வெள்ளை, 25 அங்குல உயரம், 6 அங்குலப் பூ, என்றும் பசுமை. படத்தில் மூன்றுமே அழகுதான். டெல்டாவில் முதல் இடம் ஜோன் சீனியருக்கும் அதைப் போன்ற என்றும் பசுமை வகைகளுக்கும்தான். பெயர் தெரியாத மஞ்சளோ ஆரஞ்சோ உள்ளூர் நர்சரியில் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கத்திரி வெயிலையும் தாண்டி நின்றிருந்தால், தயங்காமல் வாங்கலாம்.

லில்லி என்று மட்டும் கேட்டால் மழை லில்லியையோ ஃபுட்பால் லில்லியையோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வேரைப் பாருங்கள். வெங்காயம் போலக் குமிழ் இருந்தால் அது டே லில்லி இல்லை. டே லில்லிக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கு போன்ற சதைப்பற்றான வேர்கள் சின்ன அளவில் கொத்தாக இருக்கும். இலைகள் இரண்டு பக்கமும் விரிந்து விசிறி போல நிற்கும்.

நடுவதற்குத் தை பாதி முதல் மாசி வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். அடர் சிவப்பு, ஊதா நிறப் பூக்களுக்குப் பிற்பகல் 2 மணிக்கு மேல் நிழல் கிடைப்பது நல்லது. இல்லாவிட்டால் இதழ் வெந்தது போலக் குழைந்துவிடும்.

நம் களிமண்ணில் தரைமட்டத்தில் நடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கினால் தூர் அழுகும். ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரம் 1 பங்கு, கருக்கிய உமி 1 பங்கு. பச்சை உமியைக் கலந்தால் அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை வெளிறிப்போகும். குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும்.

குழியின் நடுவில் மண்ணைச் சிறு கூம்பாகக் குவித்து, அதன் மேல் செடியை உட்கார வைத்து, வேர்களைச் சுற்றிலும் சரிய விடுங்கள். இலையும் வேரும் சேரும் வெளிறிய கழுத்து, மண்ணுக்குள் ஒரு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஆழமாகப் போனால் பூ குறையும், அழுகலும் சீக்கிரம் வரும். இலையை 6 அங்குலம் விட்டு வெட்டிவிட்டு நடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி. பங்குனி முதல் 2 அங்குலம் வைக்கோல் மூடாக்கு, கழுத்தை ஒட்டாமல். இல்லையென்றால் கோடையில் களிமண் வெடிக்கும்போது வேரும் அறுபடும். புரட்டாசியில் அந்த வைக்கோலை எடுத்துவிட வேண்டும், மழையில் நத்தைகளுக்கு அதுதான் வீடு.

ஒப்பிடுவது என்றால் ஒரே பாத்தி, ஒரே நாள், ஒரே அளவு. வகைக்கு மூன்று விசிறி (விசிறி போல நிற்கும் இலைக்கொத்து) கொண்ட இரண்டு தூர் வையுங்கள். ஒன்றை மட்டும் வைத்தால், அது இளைத்தது வகையாலா இடத்தாலா என்று சொல்ல முடியாது. முதல் ஆண்டுப் பூவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், செடி வேர் பிடித்துக்கொண்டிருக்கும் காலம் அது. இரண்டாம் ஆண்டிலிருந்து முதல் பூ மலர்ந்த தேதி, பூந்தண்டுகளின் எண்ணிக்கை, தண்டுக்கு எத்தனை மொட்டு, மறுபடி பூத்ததா, தை மாதத்தில் எத்தனை விசிறி என்று நோட்டில் எழுதுங்கள்.

ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள் என்பதால் மொட்டுக் கணக்குதான் முக்கியம். 3 தண்டில் 15 மொட்டு வீதம் என்றால் 45 பூ. 5 தண்டில் 8 வீதம் என்றால் 40. கணக்கில் முதலாவது ஜெயிக்கும். ஆனால் அந்த 15 மொட்டும் கிளை இல்லாமல் நுனியிலேயே நெருக்கியிருந்தால், ஒரே நாளில் மூன்று பூ முட்டிக்கொண்டு பாதி திறந்து நிற்கும். தண்டு கிளை பிரிவதையும் சேர்த்துப் பாருங்கள். அதோடு, காலை 8 மணிக்கு அழகாக இருக்கும் பூவைப் பிற்பகல் 2 மணிக்கு மறுபடி போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் அந்த நேரத்தில் இதழ் விறைப்பாக நிற்கும் வகைதான் நமக்கு வேண்டியது.

துரு நோயைப் பொறுத்தும் வகைக்கு வகை பெரிய வேறுபாடு உண்டு. இலையின் அடிப்பக்கத்தில் சிறு மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துருதான். என்றும் பசுமை வகைகளில் இலை எப்போதும் இருப்பதால் பூஞ்சணத்துக்கும் எப்போதும் இடம் உண்டு. இது அந்த வகைகளின் பெரிய குறை. நோய் கண்ட இலைகளை 3 அங்குலம் விட்டு வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் மேங்கோசெப் கலந்து தெளியுங்கள். தண்ணீரை இலை மேல் ஊற்றாமல் வேரடியில் விடுங்கள்.

இலையை மெல்ல இழுத்ததும் கையோடு வந்து நாற்றமடித்தால் கழுத்து அழுகல். உடனே தோண்டி, அழுகியதைச் சீவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி வேறு இடத்தில் நடுங்கள். வெயிலும் ஈரமும் சேரும்போது உரம் போடுவதும் தூர் பிரிப்பதும் இதை வரவழைக்கும். வீட்டில் பூனை இருந்தால் இந்தச் செடியே வேண்டாம். இலை, பூ, மகரந்தம் எதைத் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் பாழாகும்.

மூன்று, நான்கு ஆண்டுகளில் தூர் நெருங்கிப் பூ குறையும்போது, அதே தை மாதத்தில் தோண்டிப் பிரிக்கலாம். கூல்டிரிங்க்ஸ் கேனைக் கத்தரித்த தகட்டில் பால்பாயிண்ட் பேனாவால் வகைப் பெயரை அழுத்தி எழுதினால் மை போனாலும் பள்ளம் நிற்கும். பக்கத்து வீட்டுக்குக் கன்று கொடுக்கும்போது, வகைப் பெயர் எழுதிய அப்படி ஒரு தகட்டையும் சேர்த்தே கொடுங்கள்.