பிக்கப்பை மண்பாதைக்குத் தயார் செய்யும் முன்

பிக்கப்பில் கூண்டு கட்டி, படுக்கை போட்டு ஊர் சுற்றக் கிளம்புபவர்கள் முதலில் வண்டியின் உயரத்தைக் கூட்டத்தான் ஆசைப்படுகிறார்கள். காரைக்குடிப் பக்கம் செம்மண் தடத்திலும் கண்மாய்க் கரையிலும் ஓட்டியவன் சொல்கிறேன், முதல் செலவு டயருக்குத்தான்.

இங்கே தொல்லை சீமைக் கருவேல முள். டயரின் நடுவில் ஏறினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கச் சுவரில் குத்தினால் டயரையே மாற்ற வேண்டும். ஆகவே தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்கும் ஆகிற, பக்கச் சுவர் தடித்த ஆல் டெரைன் டயர் போடுங்கள், ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.

அப்புறம் காற்று. மணலில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் புதையும். வழக்கமான காற்றில் மூன்றில் ஒரு பங்கை இறக்குங்கள். டயர் பரந்து படிந்து, வண்டி மெல்ல ஏறி வந்துவிடும். தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்பியாக வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கலாம். காற்றடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

அடுத்தது எடை. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதைத் தரையோடு, பின் அச்சுக்கு முன்னால் வையுங்கள். கூரையில் ஏற்றினால் கரைச் சரிவில் வண்டி சாயும். எல்லாச் சாமானையும் ஏற்றி எடைமேடையில் நிறுத்திப் பார்த்த பிறகுதான் பாரம் தாங்கக் கூடுதல் பட்டை ஸ்பிரிங் தேவையா என்று முடிவெடுங்கள். கூண்டு கட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள்.