ஒசாகா போனால் ஹான்கியூ டகராசுகா ரயிலில் ஏறிப் பாருங்கள்

முதலில் ஒன்று: உங்களிடம் இருக்கும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே குழுமம்) பாஸ் இந்த ரயிலில் செல்லாது. ஹான்கியூ அந்தக் குழுமத்தைச் சேராத தனியார் நிறுவனம். பணம் ஏற்றிப் பயன்படுத்தும் இகோகா அட்டை இருந்தால் போதும். ஒசாகா-உமேடா நிலையத்திலிருந்து டகராசுகா வரை 24.5 கி.மீ. எக்ஸ்பிரஸில் ஏறினாலும் கூடுதல் கட்டணம் கிடையாது, அதையே பிடியுங்கள்.

1910 மார்ச் 10 அன்று பாதை திறந்தபோது வழியெங்கும் பெரும்பாலும் வயல்வெளி. பயணிகளுக்கு எங்கே போவது? நிறுவனத்தை நடத்திய கோபயாஷி இச்சிசோ பயணிகளையே உருவாக்கினார். இகேடா நிலையத்தருகே மனை பிரித்து, வீடு கட்டி, தவணையில் விற்றார். சம்பளக்காரர்களும் சொந்த வீடு வாங்க முடிந்தது. மறுமுனையான டகராசுகாவில் வெந்நீர்க் குளியல் பூங்கா, 1914 முதல் பெண்கள் மட்டுமே நடிக்கும் மேடை நிகழ்ச்சி. 1929-ல் உமேடா நிலையத்திலேயே பல்பொருள் அங்காடி. வேலை நாளில் நகரத்துக்கு, விடுமுறையில் எதிர்த்திசைக்கு, இரண்டு பக்கமும் கூட்டம். என்ன அருமையான யோசனை! பிற தனியார் ரயில் நிறுவனங்களும் இதே வழியில் வளர்ந்தன.

நேரம் இருந்தால் இகேடாவில் இறங்குங்கள். அந்தப் பழைய குடியிருப்புப் பகுதியும் கப் நூடுல்ஸ் அருங்காட்சியகமும் நடக்கும் தூரம்தான். அருவி பார்க்க வேண்டுமானால் இஷிபாஷி ஹண்டாய்-மாயே நிலையத்தில் மினோ கிளைப் பாதைக்கு மாறுங்கள்.