வாவிக்கரை இரவுச் சந்தை: மாநகர சபைக்கு முன்மொழிவு எழுதுவது எப்படி

மட்டக்களப்பு நகருக்கு இரவுச் சந்தை கேட்டு எழுதுகிறவர்கள் மேடை, அலங்கார விளக்கு, முப்பது கடை என்றுதான் தொடங்குவார்கள். தொடங்க வேண்டியது பஸ்ஸிலிருந்து. ஏறாவூரிலிருந்து வந்த குடும்பத்துக்குப் பத்து மணிக்கு வீடு போக வழியில்லையென்றால் எட்டு மணிக்கே எழும்பிவிடும். கொத்து ரொட்டிக்காரரின் தட்டும் ஒன்பதுக்கே ஓய்ந்துவிடும்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள். காந்தி பூங்கா, பஸ் நிலையம், கல்லடிப் பாலத்தின் நகரப் பக்கம் ஆகிய மூன்று இடமும் போதும். மாலை 6 முதல் இரவு 12 வரை, ஒவ்வொரு மணியிலும் முதல் 15 நிமிடம் கடந்து போகிறவர்களைக் கோடு போட்டு எண்ணி, நான்கால் பெருக்குங்கள். ஆண், பெண், சிறுவருக்குத் தனித்தனி நிரல் வேண்டும். பெண்களின் நிரல் எந்த மணியில் சட்டென்று விழுகிறதோ, அந்த மணியில்தான் நகரம் உண்மையில் மூடுகிறது. முன்மொழிவின் முதல் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். ஒரு வேலைநாள், ஒரு சனி, ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) என மூன்று நாள் எண்ண வேண்டும். சம்பள வாரத்துச் சனியை மட்டும் எண்ணினால் கணக்கு ஊதிப்போகும்.

அடுத்து பஸ். சந்தை 10 மணிக்கு மூடினால் 10.20க்கு ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒவ்வொரு பயணம் கேளுங்கள். டீசல், சாரதி, நடத்துநர் சம்பளம் மூன்றையும் கூட்டி, டிக்கெட் வரவைக் கழித்தால் வருவது துண்டுவிழும் தொகை. அதைக் கடை வாடகையிலிருந்து கொடுப்பதாக எழுத்தில் வையுங்கள். 'பஸ் விட வேண்டும்' என்று மட்டும் எழுதினால் முன்மொழிவுக் கோவை அடுத்த மேசைக்குப் போய் அங்கேயே கிடக்கும்.

சத்தத்தில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. 1996ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிப்படி மாநகர எல்லைக்குள் மாலை 6 முதல் காலை 6 வரை 50 டெசிபல்தான். வைத்தியசாலை, பாடசாலை, நூலக எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் 45. இரண்டு பேர் பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசினாலே ஏறத்தாழ 60 வரும். ஆகவே பெரிய ஒலிபெருக்கியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மேடைக்கு வாவியைப் பார்த்த இடம் பாதுகாப்பு என்று நினைப்பதும் பிழை. தண்ணீருக்கு மேல் மறைப்பு இல்லாததால் சத்தம் எதிர்க்கரை வீட்டுத் திண்ணைவரை போகும். அந்த வீட்டுக்காரரின் ஒரு முறைப்பாடு சந்தையை நிறுத்தப் போதும்.

கடைகளுக்கு நடுவே 4 மீற்றர் பாதை விடுங்கள், தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் அடுப்புக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கட்டும், பக்கத்தில் ஒரு வாளி மண் இருக்கட்டும். பொரித்த எண்ணெய்க்கு மூடியுள்ள தகரம் ஒன்று கடைக்குக் கடை கட்டாயம். வடிகானில் ஊற்றினால் அது வாவிக்குத்தான் போகும், இறால் வளரும் தண்ணீர் அது. மலசலகூடமும் பஸ் நிலையம்வரை நடைபாதை விளக்கும் முதல் நாளே வேலை செய்ய வேண்டும். கடைக்குள் விளக்கு பளிச்சென்று, பாதை இருட்டு என்றிருந்தால் பெண்கள் மறுவாரம் வரமாட்டார்கள். பெண் ஊழியர்களை இரவில் வைத்திருக்கும் நேரத்துக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வரம்பு வைக்கிறது. வேலை நேர அட்டவணை போடுமுன் தொழில் திணைக்களத்தில் கேளுங்கள்.

சீமெந்துக் கடை கட்டித் தரும்படி கேட்காதீர்கள், கட்டிய பிறகு இடத்தை மாற்ற முடியாது. மாசியில் மழை ஓய்ந்ததும் 12 சனிக்கிழமைக்குப் பரீட்சார்த்த அனுமதி கேளுங்கள். 1ஆம், 6ஆம், 12ஆம் வாரங்களில் அதே மூன்று இடத்தில், அதே 15 நிமிடக் கணக்கை மறுபடி எடுத்து, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி மாநகர ஆணையாளரிடம் கொடுங்கள்.