சார்ஜ் செல்: பார்த்து வாங்குங்கள், சூடேறாமல் வையுங்கள்

சென்னை ரிச்சி தெருக் கடையானாலும் ஆன்லைனானாலும், திரும்பத் திரும்பச் சார்ஜ் போடும் பென்சில் செல் மேல் 4000, 5000 எம்ஏஎச் (செல் கொள்ளும் மின்சார அளவு) என்று அச்சிட்டிருந்தால் தொடவே வேண்டாம். இப்படிச் சார்ஜ் போடும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை டபுள் ஏ (பென்சில்) செல்லில் 2700, 2800க்கு மேல் கொள்ளாது. வீட்டுக்கு 1900 முதல் 2000 வரை உள்ள, 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' வகையே நல்லது. சும்மா கிடந்தாலும் அதில் சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும். 2500 எம்ஏஎச் செல்கள் பொதுவாகச் சீக்கிரம் தேயும்.

செல்லைவிட சார்ஜர்தான் முக்கியம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்துவதாகப் பாருங்கள். இரண்டிரண்டாக மட்டுமே ஏற்றும் மலிவு சார்ஜரில் ஒன்று நிறைந்த பிறகும் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கும்; செல் கொதித்து வீணாகும். 2000 எம்ஏஎச் செல்லுக்கு 500 மில்லி ஆம்பியரில் நாலரை மணி நேரம் ஆகும். கடைசியில் இளஞ்சூடு இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றுங்கள்.

சென்னை மே மாத வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் பகலில் சார்ஜ் போடாதீர்கள். இரவிலோ விடியற்காலையிலோ, மின்விசிறிக் காற்றில் போடலாம். ஃப்ரிட்ஜிலும் வைக்க வேண்டாம், நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

பழசும் புதுசும் கலக்கக் கூடாது. பலவீனமான செல் முதலில் காலியாகி, மற்றது அதற்குள் மின்சாரத்தைத் தலைகீழாகத் தள்ளிக் கெடுத்துவிடும். ஜோடிக்கு ஓர் எண்ணை மார்க்கரில் எழுதிவிடுங்கள். சார்ஜ் போட முடியாத சாதாரண ஆல்கலைன் செல்லை இந்தச் சார்ஜரில் போட்டால் கசியும், வெடிக்கவும் கூடும்.