ரெடிமேட் சிப்பை டெலிகாம் பாக்ஸ்ல போடும்போது செய்யக்கூடாத தப்புகள்

டேட்டாஷீட் படிக்காம விடுறது, ஹீட் சிங்க் மறக்குறது மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சதை இங்க எழுதல. புதுசா வர்றவங்க ரிவ்யூவுக்கு கொண்டுவர்ற ஸ்கீமேட்டிக்ல, நாங்க முன்னாடி விழுந்த அதே குழிங்க திரும்பத் திரும்ப வருது, அதுக்காகத்தான் இது.

கமர்ஷியல் கிரேடு

இந்த கிரேடு சிப் ஓடுறது 0 முதல் 70 டிகிரி வரைக்கும்தான். வெளிய கேபினெட்ல வைக்கிற பாக்ஸுன்னா -40 முதல் 85 கிரேடு வாங்குங்க.

கிளாக்கை அப்புறம் பாத்துக்கலாம்னு விடுறது

எனக்கு இன்னைக்கும் கோபம் வர்றது இதுலதான். சாதாரண ஈதர்நெட்ல கிளாக் ±100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) விலகினாலும் பாக்கெட் ஒழுங்கா போகும், அதனால இவேல்யுவேஷன் போர்டுல லிங்க் லைட் எரியும், பிங் ஓடும், த்ரூபுட் வரும், வேலை முடிஞ்சதுன்னு நினைச்சிருவாங்க. ஆனா சிங்க்-ஈ (ஈதர்நெட் லைன் வழியாவே கிளாக்கைக் கடத்துற முறை) கிளாக் ஃப்ரீ ரன்ல, அதாவது பின்பற்ற வெளி கிளாக் இல்லாதப்ப கூட ±4.6 பிபிஎம் தாண்டக்கூடாது, டிடிடி (ஒரே அலைவரிசையில அனுப்புறதையும் வாங்குறதையும் நேரம் பிரிச்சு பண்றது) பேஸ் ஸ்டேஷன்னா ஃபேஸ், அதாவது நேரப் பொருத்தம், ±1.5 மைக்ரோசெகண்டுக்குள்ள நிக்கணும். கணக்குப் போடுங்க: 100 பிபிஎம் விலகுற கிரிஸ்டல் செகண்டுக்கு 100 மைக்ரோசெகண்ட் தப்பும், 15 மில்லிசெகண்ட்லயே அந்த 1.5 காலி. 4.6 பிபிஎம்னா கூட அரை செகண்ட் தாங்காது.

ஒரு ப்ராஜெக்ட்ல செலவு மிச்சம்னு ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப் (பாக்கெட் வர்ற, போற நேரத்தை சிப்பே குறிக்கிறது) இல்லாத நெட்வொர்க் சிப்பைப் போட்டாங்க, லினக்ஸ்ல பிடிபி (நெட்வொர்க் வழியா கடிகாரங்களை ஒண்ணா ஓட வைக்கிற புரோட்டோகால்) ஓடுதே, சாஃப்ட்வேர்லயே சமாளிச்சிரலாம்னாங்க. லேப்ல லோடு இல்லாதப்ப ஆஃப்செட் அழகா இருந்துச்சு. டிராஃபிக் ஏத்தினதும் இன்டரப்ட் லேட்டாகி, ஷெட்யூலர் லேட்டாகி, டைம் தாறுமாறா ஆட ஆரம்பிச்சிருச்சு. டிரைவரை ட்யூன் பண்ணு, கோரை ஒதுக்கு, ரியல் டைம் பேட்ச் போடுன்னு மாசக்கணக்கா சாஃப்ட்வேர் ஆளுங்களையே விரட்டினாங்க, தப்பு இருந்தது போர்டுல. அந்த ஃபை சிப்ல (கேபிள் சிக்னலைக் கையாளுற சிப்) ரிகவர்டு கிளாக்கை, அதாவது வர்ற சிக்னல்ல இருந்து மீட்டெடுத்த கிளாக்கை, வெளிய எடுக்க ஒரு பின் கூட கிடையாது! கடைசியில போர்டையே புதுசா அடிச்சாங்க, இஎம்ஐ (மின்காந்த இடையூறு) டெஸ்ட்டும் சர்டிஃபிகேஷனும் முதல்ல இருந்து.

சிப் தேர்வு பண்ற அன்னைக்கே கேட்டுருங்க, டைம்ஸ்டாம்ப் எங்க விழுது, ரிகவர்டு கிளாக் பின் இருக்கா, ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் மாதிரி செயற்கைக்கோள்) சிக்னல் போயிட்டா ஹோல்டோவருக்கு, அதாவது அது திரும்ப வர்ற வரைக்கும் நேரத்தைப் பிடிச்சு வைக்க, ஓசிஎக்ஸ்ஓ (சூடு மாறாம வைக்கிற நிலையான கிரிஸ்டல் ஆஸிலேட்டர்) வைக்க இடம் விட்டாச்சா. அளக்கும்போது ஃபுல் லோடு ஏத்தி, டெம்பரேச்சரையும் மாத்தி அளங்க.

வெண்டர் தர்ற கர்னலை அப்படியே எடுத்துக்குறது

பாக்ஸ் ஃபீல்டுல பத்து வருஷத்துக்கு மேல ஓடும். மெயின்லைனுக்கு (எல்லாருக்கும் பொதுவான லினக்ஸ் கர்னலுக்கு) போகாத பேட்ச் நிறைஞ்ச பிஎஸ்பி (சிப்போட வெண்டர் தர்ற சாஃப்ட்வேர் பேக்கேஜ்) கர்னலுக்கு அவ்வளவு நாள் செக்யூரிட்டி ஃபிக்ஸ் யாரும் தரமாட்டாங்க, அப்புறம் ஒவ்வொரு ஃபிக்ஸையும் நீங்களே பேக்போர்ட் பண்ணிட்டு (பழைய கர்னலுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டு) உக்காந்திருக்கணும். டிரைவர் மெயின்லைன்ல இருக்கான்னு பாத்துட்டு சிப்பை முடிவு பண்ணுங்க.

எண்ட் ஆஃப் லைஃப் நோட்டீஸ்

சிப் உற்பத்தியை நிறுத்தப் போறோம்னு கம்பெனி அனுப்புற நோட்டீஸ் இது, வந்தப்புறம் மாத்து பார்ட் தேடாதீங்க, இப்பவே தேடி வைங்க.